நந்தி மலையும் மடிவாளாக் கல்லும்

ஆண்டுதோறும் நம் தமிழ் மன்றத்தின் செயற்குழுவிலே ஒரு பெரும் விவாதம் நடைபெறும். நாட்டு நடப்பைப் பற்றியோ நூல் நிலையத்தைப் பற்றியோ அன்று, "இவ்வாண்டு உல்லாசப் பயணம் எங்கே?" என்பது பற்றி. குடகு என்பார் ஒருவர். கோவா என்பார் மற்றொருவர். கோவா என்றதும் பொருளாளர் முகம் வாடும். ஒரு மணி நேரம் பேசிக் களைத்த பின்னர், "சரி, நந்தி மலை" என்று முடிவாகும். விடியுமுன்னே மோட்டார் சைக்கிள்களில் புறப்படுவோம். மலைமேல் நின்று மேகத்தைப் பார்ப்போம். மேகத்தின் முன்னே நம்மைப் படம் பிடித்துக்கொள்வோம். பகல் உணவுக்கு விடுதிக்குத் திரும்பிவிடுவோம்.

நந்தி மலையின் மேகத்தோடு எனக்குப் பகையில்லை. ஆனால் மலையடிவாரத்தில் நந்தி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மலைக்கே பெயர் கொடுத்த அந்த ஊரிலே போக நந்தீசுவரர் கோயில் நிற்கிறது. அங்கே அருணாசலேசுவரர் சன்னிதியும் போக நந்தீசுவரர் சன்னிதியும் இணையாக நிற்க, நடுவே உமா மகேசுவரர் சன்னிதி சிறிதாக இடம் பெற்றிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இக்கோயிலைப் பற்றிய செய்தி கிடைக்கிறது. நொளம்பர் தொட்டார்கள், கங்கர் தொட்டார்கள், சோழர் தொட்டார்கள், ஹொய்சளர் தொட்டார்கள், விசயநகரத்தார் வந்து மண்டபமும் குளமும் விரித்தார்கள். ஐந்து அரசுகளின் உளி ஒரே மதிலுக்குள்ளே! நாமோ அந்த மதிலை ஒட்டிய சாலையில் விரைந்து, மேலே போய், மேகத்தைப் பார்த்துவிட்டு வருகிறோம். கோயிலைப் பார்க்கவென்று இறங்கினவர் நம் மன்றத்தில் எத்தனை பேர்? கை தூக்கச் சொன்னால் விரல்களே மிஞ்சும்.

என் கருத்து இதுதான். இவ்வாண்டுப் பயணம் பெங்களூருக்குள்ளும், பெங்களூரைச் சுற்றி எழுபது எண்பது கிலோமீட்டர் எல்லைக்குள்ளும் அமைய வேண்டும். பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் நடுகற்களையும் பார்க்க வேண்டும். அதைக் கன்னட சங்கத்து நண்பர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும். இரண்டாவது பகுதியைச் சொன்னதும் சிலர் புருவம் உயர்த்துவீர்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில், "இடிந்த கல்லைப் பார்க்க என்ன இருக்கிறது?" என்ற கேள்வி. அதைக் கேட்பவரை நான் வேறெங்கும் அழைக்கவில்லை. மடிவாளாவுக்கு மட்டும் அழைக்கிறேன். மடிவாளாவை அறியாத தமிழ் மாணவன் இந்த நகரில் உண்டா? வெள்ளிக்கிழமை இரவு பெட்டியோடு நாம் நிற்கும் இடமன்றோ அது! சேலத்துக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் ஆம்னி பஸ் ஏறுவது அங்கேதான். திங்கட்கிழமை விடியலில் தூக்கம் கலையாமல் இறங்குவதும் அங்கேதான். பஸ் நிற்கும் ஓசூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளே நடந்தால் சோமேசுவரர் கோயில். அதன் சுவர்களிலே தமிழ் எழுத்து. இருளில், ஊருக்குப் போகும் அவசரத்தில், நம்மில் எத்தனையோ பேர் நூறு முறை கடந்துபோயிருக்கும் தமிழ் எழுத்து!

அவற்றுள் ஒன்று 1247ஆம் ஆண்டினது. வெப்பூரைச் சேர்ந்த ஒருவர் நிலம் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. எந்த நிலம்? வெங்கலூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலம். வெப்பூர் என்பது இன்றைய பேகூர். வெங்கலூர் என்பது எது என்று நான் சொல்லவும் வேண்டுமோ? கெம்பேகவுடர் கோட்டை கட்டி நகரமைத்தது 1537இல் என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கல் ஊரின் பெயரையும் ஏரியையும் அறிந்திருக்கிறது. அதே கோயிலில், மூன்றாம் பல்லாளன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பக்கத்து ஊரில் அளித்த நிலத்தைக் குறிக்கிறது. அவ்வூரின் பெயரைத் தாமரையின் பெயராலேயே தமிழில் எழுதியிருக்கிறான் கல்தச்சன். இன்று அதுதான் தாவரெகெரே. நம்மில் பாதிப்பேர் வாடகைக்கு அறை எடுத்திருக்கும் அதே தாவரெகெரே! வாடகை அதிகம் என்று அந்த ஊரைப் பற்றி நாம் புலம்புவதுண்டு; தாமரை பூத்த ஊர் என்று நினைத்துப் பார்த்ததுண்டா?

இனி தொம்மலூர். கணிப்பொறி அலுவலகங்களும் மேம்பாலமும் நெருக்கும் அந்த இடத்தில் சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. அங்கும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அவற்றில் ஊரின் மற்றொரு பெயர் தேசிமாணிக்கப்பட்டணம். பட்டணம் என்றால் வணிகர் கூடும் ஊர். தேசி என்ற சொல்லே நாடு நாடாய்த் திரிந்து வாணிகம் செய்தோரை நினைவூட்டுகிறது. பெரிய அரசன் ஒருவன் கொடுத்த பெருங்கொடையைத்தான் கல்லில் வெட்டுவார்கள் என்று எண்ணாதீர்கள். 1270ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் கொடுத்தார் என்று சொல்கிறது. இரண்டே நிலைக்கால்! பரணி பாடப் போதாத செய்தி. எனக்கோ பேரரசர் மெய்க்கீர்த்திகளைக் காட்டிலும் இந்த அழகியாரைத்தான் பிடித்திருக்கிறது. யாரோ ஒருவர், இங்கே வாழ்ந்தார், கதவு வைக்க மரமோ கல்லோ கொடுத்தார், தமிழில் எழுதி வைத்தார்கள்.

கணிப்பொறி நண்பர்களுக்காக இன்னுமொன்று. வயிட்பீல்டில், பன்னாட்டுத் தொழில் நுட்பப் பூங்காவின் பக்கத்தில், பட்டந்தூர் ஏரி இருக்கிறது. வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று அங்கே போய் வந்தவர்கள் நம்மில் பலர். காடுகோடியில் உள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்று, இராசேந்திர சோழன் காலத்தில், 1043இல், பட்டந்தூர் ஏரியை மதகுகளோடு அமைத்த செய்தியைக் கூறுகிறது. அமைத்தவன் இராசராச வேளான். அவன் தந்தை பெயர் பெர்மாடி காவுண்டன். தந்தையின் பெயர் கன்னட மண்ணின் பெயர். மகனின் பெயரோ சோழ மன்னனின் பெயர்! ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒரு தலைமுறையில் நாட்டின் வரலாறு திரும்பியிருப்பதை இந்த இரண்டு பெயர்களும் காட்டவில்லையா? அவன் தமிழனா, கன்னடியனா என்று என்னிடம் சிலர் கேட்டதுண்டு. அவன் ஏரி வெட்டினான் என்பேன். பெங்களூருக்கு ஆறு இல்லை. ஏரி வெட்டினவர்களால் வாழ்ந்த ஊர் இது. தர்மாம்புதி ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் மதகு வைத்தவனை நினைக்க இது போதாதா?

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் உங்களில் சிலருக்கு நெஞ்சு விம்மும் என்பதை அறிவேன். "பார்த்தாயா! இந்த ஊர் நம்முடையது!" என்ற சொல் நாநுனிக்கு வந்து நிற்கும். இங்கேதான் என் கட்டுரையின் கடினமான பகுதி தொடங்குகிறது.

இந்த நகரில் தமிழும் கன்னடமும் கசந்த நாள்கள் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிக் கலவரம் மூண்டது, தமிழர் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 2016 செப்டம்பரில் மீண்டும் பஸ்கள் எரிந்தன. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 1991இல் ஆயத்தமாகிப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதே வாரம் சென்னையில் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் துணிக்குள் நின்ற புலவர், ஒரு சொல்லும் சொல்லாமல் பொறுத்திருந்தார்! இவற்றை அறிந்த பெரியவர்கள், "பழைய கல்லைக் கிளறாதே தம்பி, வம்பு வரும்" என்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் கல்லைக் கிளறாமல் விட்டால் வம்பு ஓய்ந்துவிடுமா? அரைகுறையாய்க் கேட்ட ஒரு வரியைக் கைப்பேசியிலே பரப்பி வம்பு வளர்ப்போர் அந்தக் கல்லைக் கண்ணாலும் கண்டவர்களல்லர். முழுதும் படித்தவனுக்குச் சண்டை போட இவ்வளவு எளிதாய் இராது. ஏன் என்கிறீர்களா?

பேகூருக்குப் போங்கள். நகரின் தெற்கே, நாகேசுவரர் கோயில் வளாகத்திலே, கங்கர் காலத்து வீரக்கல் ஒன்று உண்டு. 890 அளவினது. நாகத்தரன் என்ற தலைவனுடைய வீட்டைச் சேர்ந்த ஒருவன் 'பெங்களூர்ப் போரில்' மடிந்தான் என்று அது சொல்கிறது. இந்நகரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் தோன்றுவது அந்தக் கல்லில்தான். வீர பல்லாள மன்னன் காட்டில் வழி தவறி, ஒரு கிழவி கொடுத்த வெந்த அவரையைத் தின்றதால் 'பெந்த காளூர்' ஆயிற்று என்று சொல்லும் கதை சுவையானது; ஆனால் அந்தப் பல்லாளன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் முன்னரே கல் பேசிவிட்டது. எந்த மொழியில் பேசியது? கன்னடத்தில். ஹெப்பாளத்திலே அதற்கும் நூறாண்டு மூத்த, 750 அளவினதான கிட்டய்யன் கல்வெட்டு இருக்கிறது. அதுவும் கன்னடந்தான். ஆகவே, கல்லை உரிமைப் பத்திரமாக்கி வழக்காட விரும்பும் தமிழ் நண்பர் முதல் வாய்தாவிலேயே தோற்றுப்போவார்! வழக்கை விடுத்து வாசிக்க வந்தவருக்கோ பெரும் விருந்து காத்திருக்கிறது.

அந்தப் பழைய கன்னடக் கற்களிலே நம் ழகரம் இருக்கிறது! ஆம்; பழங்கன்னடத்துக்கு ழகரமும் வல்லின றகரமும் தனி எழுத்துகளாக இருந்தன; பின்னர்தான் வழக்கொழிந்தன. பாலை இன்று கன்னடியர் 'ஹாலு' என்கிறார்கள். பத்தை 'ஹத்து' என்கிறார்கள். பல்லை 'ஹல்லு' என்கிறார்கள். பழங்கன்னடத்தில் அவையெல்லாம் பகரத்திலேதான் தொடங்கின. நாம் வா என்றால் அவர்கள் பா என்பார்கள். வேர் பேரு ஆகும். வெள்ளி பெள்ளி ஆகும். இந்த ஒரு சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் வெப்பூர் பேகூராகவும் வெங்கலூர் பெங்களூராகவும் நிற்பதன் மருமம் விளங்கிவிடும். ஒரே ஊரைக் கன்னடக் கல்தச்சன் தன் நாவால் எழுதினான். தமிழ்க் கல்தச்சன் தன் நாவால் எழுதினான். மொழியியல் வகுப்பில் கரும்பலகையில் படிப்பதை இங்கே கல்லில் விரல் வைத்துத் தடவிப் படிக்கலாம். தேர்வுக்கு உதவும் என்றும் சொல்லி வைக்கிறேன்.

பெருமை பேசுவோர் கேட்க விரும்பாத கல்லும் ஒன்று உண்டு. சோழர் இந்த நாட்டுக்கு விருந்தாளிகளாக வரவில்லை, படையோடு வந்தார்கள். 1004 அளவில் கங்கர் தலைநகரான தலைக்காடு வீழ்ந்து இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. கோலார்ப் பகுதி நிகரிலிச் சோழ மண்டலம் ஆயிற்று. தலைக்காட்டுப் பகுதி முடிகொண்ட சோழ மண்டலம் ஆயிற்று. வடக்கே மேலைச் சாளுக்கியர் நாட்டில் அந்தப் படை என்ன செய்தது என்பதை ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு சொல்கிறது: நாட்டைச் சூறையாடினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றார்கள் என்று. பகைவன் எழுதியது, மிகைப்படுத்தியிருப்பான் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் நம் மெய்க்கீர்த்திகள் மட்டும் மிகையில்லாத மெய்யா? தஞ்சைக் கோபுரத்தின் நிழலில் நின்று நெஞ்சு நிமிர்த்தும் நாம், ஹொட்டூர்க் கல்லின் முன்னே ஒரு நிமிடம் தலை குனிந்து நிற்கவும் பழக வேண்டும். இரண்டும் ஒரே அரசின் கணக்கு.

நூறாண்டு கழிந்து ஏடு மறுபக்கம் திரும்பிற்று. 1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து மீட்டான். 'தலைக்காடு கொண்டவன்' என்று பட்டம் புனைந்தான். அவனிடம் தோற்ற சோழர் தளபதியின் பெயர் அதியமான்! அவ்வைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் குடிப்பெயர் காவிரிக் கரையில் அன்று தோற்றது. வென்றவன் தலைக்காட்டில் கீர்த்தி நாராயணர் கோயிலை எழுப்பினான், 1117இல் வேலூரில் (கன்னடியர் சொல்லும் பேலூரில், மீண்டும் அதே வகர பகரம்!) சென்னகேசவர் கோயிலை எழுப்பினான். அவனை வைணவனாக்கியவர் என்று மரபு கூறுவது யாரை? தமிழ்நாட்டிலிருந்து வந்த இராமானுசரை. மேல்கோட்டையில் இன்றும் ஆழ்வார் பாசுரம் தமிழில் ஒலிக்கிறது. வாள் ஒரு திசையில் போயிற்று, பாட்டு மறுதிசையில் வந்தது. ஹொய்சளர் பின்னர் தமிழ்நாட்டுக் கண்ணனூரிலும் ஆண்டார்கள். அந்த மரபில் வந்த வீர ராமநாதன் குந்தாணிக்கு வந்து ஆண்டபோது, அவன் பெயரால் இங்கே தொம்மலூரில் வெட்டிய கல்வெட்டு தமிழில் இருக்கிறது. கன்னட அரசன், தமிழ்க் கல்வெட்டு. உரிமைப் பத்திரம் எழுத வந்தவருக்கு இன்னும் தலை சுற்றட்டும்!

இவ்விடத்தில் கடல் கடந்த ஒரு நாட்டைக் காட்ட விரும்புகிறேன். அயர்லாந்து. நாட்டுப்புறம் எங்கும் இடிந்த மடங்களும் கோட்டைகளும் நிற்கும் நாடு. ஆடு மேயும் வயலின் நடுவே கூரையற்ற மாதா கோயில் ஒன்று இருப்பது அங்கே அதிசயமன்று. ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ் என்ற பழைய மடம் இருக்கிறது. கியாரன் என்ற துறவி 6ஆம் நூற்றாண்டில் நிறுவியது. வைக்கிங்குகள் அதைக் கொள்ளையடித்தார்கள், அயர்லாந்தின் சிற்றரசர்களே கொள்ளையடித்தார்கள், நார்மானியர் கொள்ளையடித்தார்கள், இறுதியில் 1552இல் ஆத்லோனிலிருந்த ஆங்கிலப் படை வந்து பாழாக்கிற்று. அங்கே கிடைத்த நூற்றுக்கணக்கான கல்லறைப் பலகைகளில் பலவற்றில், அயர்லாந்து மொழியில், இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்ற அளவே எழுதியிருக்கும். நம் அழகியாரின் நிலைக்கால் போல. பேகூர் வீரனின் ஒற்றை வரி போல. அந்தப் பலகைகளையும் பெரிய சிலுவைக் கற்களையும் மழையில் கரையவிடாமல் உள்ளே கொண்டுபோய், சிலுவைகள் இருந்த இடத்தில் வார்ப்புப் படிகளை நிறுத்தியிருக்கிறார்கள்.

அதைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. டிரிம் என்ற ஊரில் ஹியூ டி லேசி என்ற நார்மானியப் பிரபு 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய பெருங்கோட்டை இருக்கிறது. அயர்லாந்தை அடக்கியாள வந்தவர் கட்டியது. அந்த ஆட்சியின் வழிவந்தவர்கள் 1366இல், கில்கென்னிச் சட்டங்களிலே, தம் குடிகள் அயர்லாந்து மொழி பேசலாகாது என்றே தடை விதித்தார்கள். 20ஆம் நூற்றாண்டில் விடுதலை பெற்ற அயர்லாந்து அந்தக் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியதா? இல்லை, அரசே ஏற்றுப் பழுது பார்த்து, வருவோர்க்குக் காட்டுகிறது. வந்தவன் கட்டியதும் இப்போது வீட்டுச் சொத்து.

"அயர்லாந்துக்கு ஏன் போகவேண்டும்?" என்று கேட்பீர்கள். போகவேண்டாந்தான். மடிவாளாவில் அந்தத் தமிழ் எழுத்துச் சுவருக்குள்ளே விளக்கேற்றுபவர் யார்? கன்னடம் பேசும் அர்ச்சகர். நந்தியிலும் கோலாரம்மா கோயிலிலும் நாளும் வந்து கும்பிடும் ஊர் மக்கள் யார்? கன்னட மக்களும் தெலுங்கு மக்களும். படையெடுத்து வந்தவன் கால் பட்ட கோயில் என்று எவரும் அதைப் பூட்டிவிடவில்லை. சோழன் போய்த் தொள்ளாயிரம் ஆண்டு ஆயிற்று. எண்ணெய் வார்த்தவர்கள் இவர்கள். சொந்தம் என்ற சொல்லை யார் சொல்ல வேண்டும் என்று ஒருநாள் அங்கே நின்று யோசித்துப் பாருங்கள்.

கோலாரைப் பற்றி ஒரு சொல். கங்கரின் முதல் தலைநகரான குவளாலம் அதுதான். கோலாரம்மா கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய உண்டு. இந்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து தங்க வயலுக்கும் போய் வர வேண்டும் என்பது என் எண்ணம். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் தோண்டிய சுரங்கங்களிலே பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்த ஏழைத் தமிழர்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் அந்தச் சுரங்கத்துக்கு வந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. இன்று துருப்பிடித்து நிற்கும் இறக்குக் கோபுரங்களும் சயனைடு மண் மேடுகளும் இருக்கின்றன. அவையும் பாழ்பட்ட பழங்கட்டடங்கள்தாம்! சோழன் வெட்டிய கல்லைக் காட்டிப் பெருமை பேசும் நாம், சுரங்கத்தில் கல் உடைத்துக் காசநோய் வாங்கினவனின் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது என்றும் கேட்கவேண்டும். தமிழன் இந்த நாட்டுக்கு அரசனாக வந்தது ஒருமுறை. கூலியாக வந்தது பலமுறை. நம் பாட்டன்மாரில் எவர் முதல் வகை, எவர் இரண்டாம் வகை என்பது நமக்குத் தெரியும்.

இந்தக் கற்களை நாம் படிக்க முடிவதற்கு ஒருவர் காரணம். பெஞ்சமின் லூயிஸ் ரைஸ். 1837இல் இதே பெங்களூரில் ஒரு பாதிரியார் மகனாகப் பிறந்தவர். மைசூர் நாட்டில் ஊர் ஊராகச் சென்று ஒன்பதாயிரம் அளவுக்குக் கல்வெட்டுகளைத் திரட்டினார். பெங்களூர் மாவட்டத் தொகுதியும் கோலார் மாவட்டத் தொகுதியும் 1905இல் வெளிவந்தன. கன்னடம், தமிழ், தெலுங்கு என்று பாராமல் இருந்ததை இருந்தபடி அச்சிட்டார். அவர் பார்த்த கற்களிற் சில இன்று இருந்த இடத்தில் இல்லை. வீடு கட்டக் கடைக்கால் ஆயின சில. துணி துவைக்கும் கல் ஆயின சில. சுண்ணாம்பும் எண்ணெய் வண்ணமும் பூசி எழுத்தை மூடியவை சில. நம் நகரின் மித்திக் சொசைட்டி 1909இல் தோன்றிய பழம்பெருஞ் சங்கம்; 2021 முதல் பெங்களூர்ப் பகுதிக் கல்வெட்டுகளைத் தேடிப்பிடித்து முப்பரிமாணப் படமெடுத்து எல்லாருக்கும் கிடைக்கச் செய்கிறது. எந்த மொழிக் கல் என்று கேட்டுப் படமெடுப்பதில்லை. நம் பொறியியல் மாணவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தால் தமக்கு அங்கே வேலை இருக்கிறதென்று தாமே அறிவார்கள்.

கன்னட சங்கத்தை ஏன் அழைக்க வேண்டும் என்று கேட்டீர்களல்லவா? பேகூர்க் கல்லை அவர்கள் படித்துக் காட்டாமல் நாம் என்ன செய்வோம்? மடிவாளாச் சுவரை நாம் படித்துக் காட்டாமல் அவர்கள் என்ன செய்வார்கள்? சென்ற ஆண்டு நானும் கன்னட நண்பர் ஒருவரும் நகர்ப்புறத்துக் கோயில் ஒன்றின் அடித்தளத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தோம். கோயிலைப் பெருக்க வந்த அம்மையார் துடைப்பத்தோடு நின்று, "ஏனு பரெதிதே?" என்று கேட்டார். அதாவது, என்ன எழுதியிருக்கிறது என்று. 'நிலம் கொடுத்திருக்கிறார்கள், ஏரித் தண்ணீர் பாயும் நிலம்' என்று நண்பர் கன்னடத்தில் சொன்னார். "யாவ ஏரி?" என்றில்லை, "யாவ கெரெ?" என்று அம்மையார் கேட்டார். சொன்னோம். "அய்யோ, அது இப்போ அபார்ட்மெண்டு" என்று அவர் பெருக்கப் போய்விட்டார். எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாக நகர வரலாறு சொல்லி நான் கேட்டதில்லை.

எனவே செயற்குழுவுக்குச் சில யோசனைகள். பயணத்துக்கு முன் இரண்டு சனிக்கிழமைகளில் எழுத்துப் பயிற்சி வைக்க வேண்டும். சோழர் காலத் தமிழில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு காட்ட மாட்டார்கள். நடுநடுவே கிரந்த எழுத்து வரும். 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடக்கத்தைக் கண்டுகொண்டால் பாதி அச்சம் போய்விடும். முடிவில், இந்தத் தருமத்தை அழித்தவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்பது போன்ற வசவு வரும். அதைப் படிக்கும்போது சிரிக்கலாம். ஏரியைத் தூர்த்தவர்களை நினைத்துக்கொண்டும் சிரிக்கலாம். கன்னட எழுத்தையும் அதே வகுப்பில் கற்கலாம். மூன்றாண்டு இங்கே படித்தும் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் நடத்துநரைக் கேட்கும் நிலை நமக்கு வேண்டா.

கல்லின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்தல், மாவு தடவுதல், எண்ணெய் ஊற்றுதல் ஆகாது. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே எழும். இல்லையேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாற் போதும். கோயில்களில் உச்சிக்கால பூசைக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள். ஆதலால் மடிவாளாவில் காலை ஏழு மணிக்குக் கூட வேண்டும். அங்கிருந்து பேகூர், பின் தொம்மலூர், பின் காடுகோடி. மறுநாள் கோலாரும் தங்க வயலும். நந்தி மலைக்குப் போயே தீரவேண்டும் என்போர் அதற்கடுத்த ஞாயிறு போகட்டும். கீழே நின்று கோயிலைப் பார்த்துவிட்டு மேலே ஏறட்டும். காலைத் தேநீர் கன்னட சங்கத்தின் செலவு, பகல் உணவு நம் செலவு என்று அவர்கள் செயலாளரோடு வாய்மொழியாகப் பேசி வைத்திருக்கிறேன். பொருளாளர் மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். கோவாவுக்கு ஆகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கும் இதற்கு ஆகாது.